ஏழு மணிக்கு வந்த மத்தியானம்

சிஸ்டர் பெர்பெத்துவாவுக்குக் கம்ப்யூட்டர் வித்தையில் ஒரே ஒரு சீடர், ஞானசிகாமணி. குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். கோபத்தில் இன்னும் மூத்தவர். கன்னியாஸ்திரியான சிஸ்டர் நிர்வகித்த கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் இடத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு.

அன்று ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து சிஸ்டரின் மேஜையில் அறைந்து வைத்தார்.

“கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். பேச்சித்தாய் இனிமே இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது.”

பேச்சித்தாய் அங்கே கூட்டித் துடைக்கிறவள்.

“என்ன செஞ்சா?”

“காலையில மெஷினைப் போட்டா, வேலைக்கு வராம டிஸ்க்கைச் சோதிக்க உக்காந்திருது. தெனமும் நாப்பது நிமிஷம்! வரிசையில நிக்கிற சீக்காளியெல்லாம் என்னைக் காறித் துப்பாத குறை. ஒழுங்கா அணைக்காம ஒயரைப் பிடுங்கினா இப்படிச் சோதிக்கும்னு நீங்கதான சொன்னிய? துடைக்குத சாக்குல அவதான் பிடுங்குதா.”

“அவ என்ன சொல்லுதா?”

“பிள்ளை தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுதா. களவாணி எந்தக் காலத்துல ஒத்துக்கிட்டான்? மூணு நாளைக்கு முன்னாலயே வீட்டுக்கு விரட்டிட்டேன்.”

“அப்ப மூணு நாளா சோதனை நின்னுட்டுதா?”

ஞானசிகாமணியின் முகம் சிவந்தது. “நிக்கல. அவ பண்ணின கோளாறு அப்படி!”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருடைய புத்தி அன்று லீவே போட்டிருந்தது.

சிஸ்டர் கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வந்து பாக்குதேன்.”

மறுநாள் ஏழு மணிக்கு, சிஸ்டர் பக்கத்தில் நிற்க, ஞானசிகாமணி வழக்கம்போல முதலில் தம் பென்டிரைவைச் செருகினார். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் அதற்குள்ளேயே முழுசாக இருந்தது. அதைக் கொண்டு மெஷினை எழுப்பி, டிஸ்க்கைத் திறந்து, முந்தின நாள் பதிவுகளை நகல் எடுப்பார்.

“டிஸ்க்குல இருக்கிற லினக்ஸை உசுப்பவே வேண்டாம் சிஸ்டர். இது விருந்தாளி மாதிரி வருது, வந்த சுவடு தெரியாம போகுது” என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

“மணி என்ன அண்ணாச்சி?”

கையைத் திருப்பிப் பார்த்தார். “ஏழு அஞ்சு.”

“உங்க விருந்தாளிக்கு?”

திரையின் மூலையில் பன்னிரண்டு முப்பத்தைந்து.

“அது என்னைக்கும் அப்படித்தான் காட்டும். கையில வாட்ச் கட்டியிருக்கேன், அதை யாரு பாக்கா?”

“டிஸ்க்கு பாக்கும்.”

நகல் முடிந்தது. பென்டிரைவை உருவிவிட்டு, டிஸ்க்கில் இருந்த லினக்ஸைக் கொண்டு மெஷினை முறைப்படி எழுப்பினார். உடனே சோதனை தொடங்கியது. ஞானசிகாமணிக்குத் தலைக்கேறியது.

“பாத்தியளா! பாவி மக!” என்று ஸ்விட்சை அணைக்கப் பாய்ந்தார்.

சிஸ்டர் அவர் கையைப் பிடித்தார். “சோதனை ஓடும்போது நடுவுல நிறுத்தக் கூடாது. அந்த முதல் வரியை வாசிங்க.”

இத்தனை நாளில் அவர் அந்த வரியைப் படித்ததே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த நேரம் இனிமேல்தான் வரப்போகிறது என்று மெஷின் சொல்லியிருந்தது.

“மெஷினுக்குள்ள ஓடுற கடிகாரம் நம்ம ஊர் நேரம்” என்றார் சிஸ்டர். “உங்க பென்டிரைவ் அதை லண்டன் நேரம்னு நெனச்சு, மேல அஞ்சரை மணி கூட்டிக்கிடுது. மத்தியானம் திறந்ததா டிஸ்க்குல எழுதி வச்சிட்டுப் போயிருது. பின்னால டிஸ்க்குல இருக்கிற நம்ம லினக்ஸ் எந்திரிச்சுப் பாத்தா மணி ஏழேகால். பழைய மெஷின், பதறாம என்ன செய்யும்?”

ஞானசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சத்தியம் செய்தவளிடம், “வேலைக்காகப் பிள்ளையைக்கூட அடகு வைப்பியா நீ?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அதைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் நின்றது. வெட்கமாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “அந்தக் கடிகாரத்தைத் திருத்திருதேன் சிஸ்டர்” என்றார்.

“அது ஒரு வரி வேலை, நான் பாத்துக்கிடுதேன். நீங்க பேச்சித்தாய் வீட்டுக்குப் போங்க.”

கையெழுத்தில்லாத கடிதத்தைச் சிஸ்டர் அவரிடமே நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“அவ வாய் உங்களுக்குத் தெரியாது. தெருவைக் கூட்டி வச்சுத் திட்டுவா.”

“திட்டுவா. நாப்பது நிமிஷம் ஆகும் அண்ணாச்சி. நடுவுல நிறுத்திராதிய.”