கிணற்றில் விழுந்த சாவி

“வாடகையை எவ்வளவு ஏத்தினா எனக்குக் கட்டுப்படியாகும்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

கேட்டவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. கேட்கப்பட்ட நபீசாவுக்கு முப்பது. பாளையங்கோட்டையில் நபீசாவுக்கு ஒன்பது லைன் வீடுகள். ஆறு வருஷமாக அந்தச் சுவரில் டு-லெட் பலகை தொங்கியதில்லை. அதற்காகத்தான் ஜெசிந்தா தன் கௌரவத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

நபீசா குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மாடியில எத்தன வீடுக்கா?”

“ரெண்டு. ஒண்ணு நாலு மாசமா காலி. இன்னொண்ணுல இருக்க நர்ஸும் மாசக் கடைசியில கிளம்புதாளாம். பேங்க்ல ரெண்டு தவணை பாக்கி. மூணாவதும் நின்னா கதவுல நோட்டீஸ் ஒட்டிருவான். எங்க வீட்டுக்காரர் ரிடையர் ஆன பணம் மொத்தமும் அந்த மாடியிலதாம்மா கிடக்கு.”

“முன்னால இருந்தவங்க ஏன் போனாங்க?”

“ஒருத்தன் நாளைக்கு மூணு தடவ குளிப்பான். ஒருத்தி வீட்டுல வாரம் தவறாம விருந்தாளி. ஒரு குடும்பம் ஜமுக்காளத்தையெல்லாம் துவைக்கும். நான் என்ன ஆத்துக்குள்ளயா வீடு கட்டியிருக்கேன்?”

“இந்த நர்ஸு?”

“நைட் டியூட்டி முடிச்சு எட்டரைக்கு வந்து மோட்டார் போடச் சொல்லுதா. காலையில ஆறு மணிக்குப் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். அதுதான் என் வீட்டுச் சட்டம்.”

நபீசா இப்போது நிமிர்ந்தாள். பார்வை ஜெசிந்தாவின் இடுப்பில் நின்றது.

ஏழு சாவிகள்.

“அந்தச் சின்னச் சாவியக் குடுங்கக்கா.”

“இது மோட்டார் பெட்டிச் சாவி.”

“தெரியும்.”

கொடுத்தாள். நபீசா எழுந்து போய்ப் பின்கட்டுக் கிணற்றில் அதைப் போட்டாள்.

களுக்.

“அடிப்பாவி!”

“வாடகைய ஏத்தாதீங்க. போயிட்டு வாங்க,” என்றாள் நபீசா. மறுபடி வாஷரோடு உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள் ஜெசிந்தா. சாயங்காலம் அவள் சமையலறைக் குழாயிலேயே காற்றுதான் வந்தது. மாற்றுச் சாவி கிடையாது. கணவரைக்கூட நம்பாமல் அவளே அதை எப்போதோ தூக்கி எறிந்திருந்தாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பூட்டை அறுத்தான். ஞாயிற்றுக்கிழமை, புதுப் பூட்டுக்குக் கடை இல்லை.

மறுநாள் எட்டரைக்கு நர்ஸ் செண்பகவல்லி வந்தாள். யூனிஃபார்மோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பியவள், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

கதவிடுக்கில் ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியட்டும் தொட்டி. அப்புறம் இருக்கு இவளுக்கு.

பதினாறாவது நிமிஷம் செண்பகவல்லி ஓடி வந்து அணைத்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. காலிக் குடத்தோடு மாடிக்குப் போகத் திரும்பினாள்.

ஏழு மாசமாக அந்தக் குடம் தெருவில் போய் வந்ததை ஜெசிந்தா பார்த்ததில்லை.

பார்க்காமல் என்ன? பார்த்திருக்கிறாள்.

கதவைத் திறந்தாள்.

செண்பகவல்லி திடுக்கிட்டாள். “பூட்டு எங்க ஆன்ட்டி?”

“அறுத்தாச்சு.”

“புதுசு வாங்கப் போறீங்களா?”

பூட்டு வாங்கப் பணம் ஜெசிந்தாவின் கையிலேயே இருந்தது.

“வாங்கலாம்னு இருந்தேன்,” என்றாள்.

வியாழக்கிழமை செண்பகவல்லி வந்து கதவைத் தட்டினாள். “ஆன்ட்டி, நான் காலி பண்ணல. எதிர் போர்ஷனுக்கு எங்க வார்டு அக்கா வராங்க. அட்வான்ஸ் குடுத்துவிட்டிருக்காங்க.”

ஒரு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு தவணைகூட நிற்கவில்லை. கரண்டு பில்லில் கூடியது நூற்று எண்பது ரூபாய். டு-லெட் பலகையை, மோட்டார் ஸ்விட்சில் மழை படாமலிருக்கக் கூரையாக அடித்துவிட்டாள் ஜெசிந்தா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேக்கும் முறுக்குமாக ஜெசிந்தா நபீசாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். தட்டை வைத்தாள். உட்காரவில்லை. நேரே பின்கட்டுக்கு நடந்தாள்.

களுக்.

“அது எந்தச் சாவிக்கா?” திரும்பாமலே கேட்டாள் நபீசா.

“மொட்டை மாடி.”

“அப்போ இன்னும் அஞ்சு.”

“நாலு,” என்றாள் ஜெசிந்தா. “வாசல் கேட்டுச் சாவி நர்ஸு இடுப்புல இருக்கு.”