கொக்குப்பாறை அணையை நகர்த்திய யானை

கொக்குப்பாறை அணைக்கு மாசானம்தான் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையில் முளைக்கிற செடியைப் பிடுங்குவது, தண்ணீர் மட்டத்தை எழுதி வைப்பது எல்லாம் அவர் வேலை. அணை சின்னது, வயது எண்பது. மாசானத்தின் வாய் அதைவிடப் பெரிசு என்பது கீழே இருக்கிற ஓடைக்கரை ஊருக்கே தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அணையைச் சோதிக்கப் புதுப் பொறியாளர் ஜெபராணி வந்து இறங்கினார். ஷட்டர் துருப்பிடித்து மூன்று வருஷமாய் அசையவில்லை. மாசாமாசம் 'நல்ல நிலை' என்று எழுதியது மாசானத்தின் கைதான். பேச்சுக் கொடுத்தே அந்தம்மாவை ஷட்டர் பக்கம் போகவிடாமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

கரையில் ஒரு கசிவைப் பார்த்து ஜெபராணி நின்றார். அது கசிவே இல்லையாம். நீர்நாய்க் குட்டிகளுக்குத் தாகம் எடுக்குமே என்று நண்டுகள் விட்டுவைத்த ஓட்டையாம். மற்ற ஓட்டையெல்லாம் நண்டுகளே களிமண் குழைத்துப் பூசிவிடுமாம். போன வருஷம் மண் பத்தாமல் ஒரு கிழட்டு நண்டு தானே உள்ளே போய் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டதாம்.

"பின்பக்கம் போனா அதோட கொடுக்கு தெரியும். நனைஞ்சு கெடக்கேன்னு நாந்தான் தெனம் தொடைச்சு விடுதேன்."

ஜெபராணி எழுதிக்கொண்டே நடந்தார். எழுதுகிறாரே என்று மாசானத்துக்கு உற்சாகம் ஏறியது. தண்ணீர் மட்டம் பார்ப்பது ஒரு முதலை என்றார். அளவுக்கல் பக்கத்தில் விறைப்பாக நிற்கும். தண்ணீர் மூக்கைத் தொட்டால் தும்மும். அந்தச் சத்தத்தில் ஊரே மேட்டுக்கு ஏறிவிடும். முதலை தும்முமா என்று கேட்டார் ஜெபராணி.

"எம்பது வருசமா தண்ணியிலயே கெடக்குல்லாம்மா. சளி பிடிக்காதா?"

அதற்குள் ஷட்டர் மேடை வந்துவிட்டது. மாசானம் யானையை இறக்கினார். பெருவெள்ளத்தன்று ஒரு கொம்பன் வந்து, ஷட்டரைத் தும்பிக்கையால் தூக்கிப் பிடித்து மூன்று நாள் நின்றதாம். நாலாம் நாள் கால் கடுத்துப்போய், அணையையே தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் போனதாம். தண்ணீரோடு சேர்த்து. ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஜெபராணி பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, வேலையெல்லாம் அதுகளே பாத்துக்கிடுதுன்னா, இங்க லஸ்கர் தேவையில்லன்னு எழுதிரவா?"

மாசானம் கீழே பார்த்தார். ஓடைக்கரையில் அவர் மகள் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஷட்டர் அசையாதும்மா. மூணு வருசமாச்சு. நான் எழுதுனதெல்லாம் பொய்."

ஜெபராணி கொஞ்சம் திட்டினார். ஆனால் மறு வாரமே ஆட்கள் வந்து துருவைச் சுரண்டி, பல்சக்கரத்தை மாற்றினார்கள். கசிவையும் அடைத்தார்கள். நீர்நாய் குட்டி போட்டிருந்த வளையை மட்டும், குட்டிகள் வெளியேறுகிற வரை தொடக்கூடாது என்று மாசானமே குறுக்கே நின்றார். ஐப்பசி வெள்ளம் வந்தபோது ஷட்டர் ஏறியது. தண்ணீர் ஓடையோடு போனது, ஊருக்குள் வரவில்லை.

ஊரார் எத்தனை மனுக் கொடுத்தும் நடக்காத ரிப்பேர் எப்படி நடந்தது என்று டீக்கடையில் கேட்டார்கள். பொறியாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்றார் மாசானம்.

கடைக்காரர் ஆவுடையப்பன் கிளாஸைக் கழுவியபடியே சொன்னார்: "வே, அந்த யானையக் கூட நம்புதோம். இது வேண்டாம்."