ஓடையில் நனைத்த காதுகள்

ஓடைக்கரைக் காட்டில் செவ்வந்தி என்ற பெண்முயலும் முடுக்கன் என்ற ஆண்முயலும் குடித்தனம் நடத்தினார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். துணுக்கு என்று ஒரே குட்டி. முயலுக்கு ஒரே குட்டியா என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு அதற்கே நேரமில்லை.

ஒரு நாள் காலையில் துணுக்கு எழுந்திருக்கவில்லை. செவ்வந்தி அவன் காதைத் தொட்டாள். சுட்டது. முயலுக்கு உடம்பில் எங்கே என்ன நடந்தாலும் காதில் தெரிந்துவிடும்.

"ஏங்க, இவனுக்குக் காது சுடுது."

முடுக்கன் வந்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தொடுவதுபோல் நுனிவிரலால் தொட்டுப் பார்த்தான்.

"வெயில் பட்டிருக்கும்."

"இன்னும் சூரியனே வரலையே."

"அப்ப நேத்து வெயில்."

நேற்று நாள் முழுதும் மழை. அதைச் சொல்லச் செவ்வந்திக்கு வாய் வரவில்லை. வெயிலாக இருந்தால் அவளுக்கும் வசதிதான்.

"ஒருவேளை பல்லு முளைக்குதோ என்னவோ" என்றாள்.

துணுக்குக்குப் பல் எல்லாம் எப்போதோ முளைத்துவிட்டது. போன வாரம்தான் அப்பாவின் வாலைக் கடித்துக் காட்டினான். முடுக்கன் அதை நினைவுபடுத்தவில்லை. "பல்லாத்தான் இருக்கும்" என்று தலையாட்டினான். காய்ச்சல் என்ற சொல் வளையின் நடுவில் பாம்புபோல் படுத்திருந்தது. இருவரும் அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

கடைசியில் செவ்வந்திதான் கேட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் நீங்க வீட்டுல இருங்களேன்."

"நானா? கீழைத் தடத்துல நரி வருதான்னு யார் பார்க்கிறது?"

"நரி போன மாசமே வேற காட்டுக்குப் போயிடுச்சே."

"அது திரும்பி வருதான்னு பார்க்க வேண்டாமா? நீ இருந்தா என்ன?"

"இன்னைக்கு நீர்த்துறைக் கூட்டம். முயல்களுக்காக நான்தான் பேசணும். தினமும் சாயங்காலம் குளத்துல தண்ணி குடிக்க நமக்குத்தான் முதல் முறை வேணும்னு கேட்கப் போறேன். நான் போகலைன்னா நம்ம இனமே தாகத்துல செத்துடும்."

அவள் பிறப்பதற்கு முன்பும் முயல்கள் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. முடுக்கன், "சரி, நீயே பார்த்து எதாவது செய்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, இல்லாத நரியைத் தேடிப் போனான்.

இனி மிச்சமிருந்த வழி ஒன்றுதான். ஆலமரத்தடிக் காப்பகம்.

அதைக் கொண்டையக்கா என்ற காட்டுக்கோழி நடத்தினாள். வேலைக்குப் போகும் விலங்குகள் காலையில் குட்டிகளை அங்கே விட்டுவிட்டு மாலையில் கூட்டிப் போவார்கள். அங்கே ஒரே ஒரு விதி. உடம்பு சுட்டால் உள்ளே இடமில்லை. வாசலிலேயே ஒவ்வொரு குட்டியையும் இறக்கையால் தொட்டுப் பார்த்துத்தான் அக்கா உள்ளே விடுவாள். முயல்குட்டி என்றால் காதைத் தொடுவாள்.

செவ்வந்தி கெட்டிக்காரி. போகிற வழியில் நிலவேம்பு இலையைப் பறித்து மென்று, துணுக்கின் வாயில் திணித்தாள். பிறகு ஓடைக்கு அழைத்துப்போய் அவன் காதுகள் இரண்டையும் தண்ணீரில் நனைத்தாள். ஒருமுறை போதவில்லை. மூன்றாம் முறை காது தவளை முதுகுபோல் குளிர்ந்தது.

"அம்மா, குளிருது."

"அக்கா கேட்டா என்ன சொல்லணும்?"

"நல்லா இருக்கேன்."

"கொஞ்சம் சிரிச்சுச் சொல்லு."

துணுக்கு சிரித்தான். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்புதான்.

காப்பக வாசலில் கொண்டையக்கா காதைத் தொட்டாள். இறக்கையை எடுத்து ஒருமுறை பார்த்தாள்.

"காது ஏன் ஈரமா இருக்கு?"

"பிள்ளையைச் சுத்தமா அனுப்ப வேண்டாமா அக்கா?"

"இத்தனை நாளா இல்லாத சுத்தமா இருக்கே. கண்ணும் ஒரு மாதிரி சொருகுது."

"ராத்திரி தூங்காம ஒரே விளையாட்டு. சொன்னா கேட்டாத்தானே."

துணுக்கு சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் சிரித்துக் காட்டினான். பின்னால் எட்டு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் இனமும் தாகத்தில் சாகும் அவசரத்தில் இருந்தது. அக்கா அரைமனதாக வழிவிட்டாள். துணுக்கு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். செவ்வந்தி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்கு ஓடினாள்.

நீர்த்துறைக் கூட்டத்துக்குக் கரடியார் தலைமை. யார் நிழலில் உட்காருவது என்பதை முதலில் பேசினார்கள். அது முடியவே உச்சி வெயில் ஆகிவிட்டது. போன கூட்டத்தில் என்ன முடிவு செய்தோம் என்பதை அடுத்துப் பேசினார்கள். யாருக்கும் நினைவில்லை. அது நினைவில்லை என்று முடிவு செய்யவும் வெகுநேரம் ஆனது. பிறகுதான் முயல்கள் முறை வந்தது.

செவ்வந்தி எழுந்து நின்ற வேளையில் கரிச்சான் குருவி பறந்து வந்து அவள் காதருகே உட்கார்ந்தது.

"துணுக்குக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. அக்கா உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

செவ்வந்தி கரடியாரைப் பார்த்தாள். குருவியைப் பார்த்தாள்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்னு சொல்லு."

ரெண்டு வார்த்தை நீண்டுகொண்டே போனது. தாகத்தைப் பற்றியும் நீதியைப் பற்றியும் முயல் இனத்தின் பழம்பெருமை பற்றியும் பேசினாள். கரடியார் பாதியில் தூங்கி, முடிவில் விழித்தார்.

"நல்ல கருத்து. அடுத்த பௌர்ணமிக்குப் பார்க்கலாம்" என்றார்.

அவள் காப்பகத்துக்கு வந்தபோது துணுக்கு ஒரு மூலையில் தனியாகக் கிடந்தான். கொண்டையக்கா ஈர இலைகளை அவன்மேல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு. இப்பத்தான் நின்னுது" என்றாள்.

செவ்வந்தி மகன் பக்கத்தில் ஓடினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"காலையில நல்லாத்தானே இருந்தான்!"

அந்தக் குரலைக் கேட்டுத் துணுக்கு கண்ணைத் திறந்தான். "அம்மா, நான் சிரிச்சுச் சொன்னேன். ஓடைத் தண்ணிதான் ரொம்பக் குளிருச்சு" என்றான்.

குட்டிகளை அழைத்துப்போக வந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்றிருந்தார்கள். சருகுமான் அம்மா தன் குட்டியைக் கிட்டே இழுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் குட்டி காலை முழுதும் துணுக்கோடு ஒரே சருகுப் படுக்கையில் உருண்டு விளையாடியது.

மூன்றாம் நாள் சருகுமான் குட்டி படுத்தது. நான்காம் நாள் அணில்பிள்ளைகள் இரண்டும் படுத்தன. பிறகு கரடியாரின் குட்டி. ஆக மொத்தம் பதினான்கு. காப்பகத்துக்குப் பூட்டு விழுந்தது. ஒரு நாள்கூட வீட்டில் இருக்க முடியாத முக்கியஸ்தர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். முடுக்கனுக்கும் காய்ச்சல் வந்தது. அது வெயில் என்று அவன் சொல்லவில்லை. சாகப்போகிறேன் என்றான்.

துணுக்கு ஆறாம் நாள் எழுந்து புல் கேட்டான். சருகுமான் குட்டிக்குப் பிழைப்பதே பாடாக இருந்தது. எழுந்து நிற்கப் பத்து நாள் ஆயிற்று. செவ்வந்தி தினமும் இளந்தளிர் கொண்டுபோய் அவர்கள் புதருக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். உள்ளே கூப்பிடுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவுமில்லை, அவர்கள் கூப்பிடவுமில்லை.

அப்போதுதான் கரிச்சான் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தது. கொண்டையக்காவும் படுத்துவிட்டாள். ஆலமரத்து வேரிடுக்கில் அவள் இட்டு அடைகாத்துவந்த நான்கு முட்டைகள் இருந்தன. மேற்கொண்டு அடைகாக்க முடியாமல் அவள் கால்கள் மடங்கி விழுந்துவிட்டாள்.

செவ்வந்தி ஓடினாள். வாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா, நான் உட்காரட்டுமா? என் வயிறு சூடாத்தான் இருக்கும்."

கொண்டையக்கா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "அப்பப்பத் திருப்பிப் போடணும். நடுவுல கூட்டம்னு எழுந்து போகக் கூடாது" என்றாள்.

செவ்வந்தி உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் உட்கார்ந்தாள். காய்ச்சல் தேறிய முடுக்கன் புல் கொண்டுவந்து கொடுத்தான். துணுக்கை அவனே பார்த்துக்கொண்டான். கீழைத் தடத்தில் யாரும் காவல் இல்லை. நரி வரவில்லை. நீர்த்துறையில் பேச யாரும் இல்லை. முயல்கள் வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின.

பதின்மூன்றாம் நாள் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. நான்காவது முட்டை அசையவில்லை. செவ்வந்தி வருவதற்கு முன்பே அது குளிர்ந்துபோயிருந்தது. கொண்டையக்கா அலகால் அதை மெல்லத் தட்டினாள். காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு அதைச் சருகுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

செவ்வந்தியை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று செவ்வந்திக்கு இருந்தது.

"மூணு குஞ்சு இருக்கு. பசியோட இருக்கும். நான் புழு தேடிட்டு வரேன், நீ பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு அக்கா தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். செவ்வந்தி குஞ்சுகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் வேலையை விட மனமில்லாமல் பிள்ளையின் காய்ச்சலை மறைக்கிற பெற்றோர், ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துப் படுக்கையில் தள்ளி, எத்தனை நாள் உழைத்தாலும் ஈடுகட்ட முடியாத இழப்பைத் தேடிக்கொள்வார்கள்.