தோளுக்குள் குடிவந்த வில்லை

ஒரு தோளுக்குள்ளே ஒரு வில்லை குடியேறியது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, அடியில் திருகாணி போல ஒரு காம்பு. தோள் யாருடையது என்றால், பரோட்டா மாஸ்டர் ஞானதுரையுடையது. இருபத்தாறு வருஷம் மாவு வீசி வீசி, அவருடைய வலது தோள் உருண்டையில் ஓரிடத்தில் குருத்தெலும்பு தேய்ந்து பள்ளமாகிவிட்டது. டாக்டர் அந்தப் பள்ளத்தில் வில்லையைப் பதித்துத் தைத்து மூடிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். உள்ளே கிடக்கிறவன் பாடு யாருக்குத் தெரியும்?

வந்த அன்றே வில்லை எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே இருந்த எலும்பு வாயே திறக்கவில்லை. பள்ளத்தைச் சுற்றி மிச்சமிருந்த குருத்தெலும்புதான் பேசியது. அதுவும் வில்லையிடம் இல்லை, காற்றோடு பேசுகிற மாதிரி.

"தேஞ்சு போன எங்க அக்கா இருந்த இடம் இது. இங்க கொண்டாந்து ஒரு டப்பாச் சாமானை வச்சிருக்காங்க."

"நான் உங்க அக்கா இடத்தைப் பிடிக்க வரலைங்க. அவங்க செஞ்ச வேலையைச் செய்யத்தான் வந்திருக்கேன்" என்றது வில்லை.

"அப்ப வேலையை மட்டும் பாரு. பேச்சு என்ன வேண்டிக்கிடக்கு?"

வில்லைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாஸ்டரின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதனால் உள்ளே அசைவே கிடையாது. காலையில் ஒரே ஒரு தடவை அவர் மனைவி செல்லக்கனி கட்டை அவிழ்த்து, டாக்டர் சொன்னபடி கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டச் சொல்வாள். அப்போது எதிர்வீட்டுக் குழி, அதாவது தோள் உருண்டை சுழலுகிற கிண்ணம், வில்லையைப் பட்டும் படாமல் உரசிக்கொண்டு போகும். டாக்டர் வில்லையை அக்கம்பக்கத்தைவிட ஒரு மயிரிழை தாழ்த்தித்தான் வைத்திருந்தார். அந்த அரைகுறை உரசலுக்காக வில்லை நாள் முழுக்கக் காத்துக் கிடந்தது.

'கொஞ்சம் எக்கி நின்றால் குழி என்னைக் கவனிக்காதா?' என்று நினைத்தது. தனியாகக் கிடக்கிறவன் புத்தி இப்படித்தான் போகும். குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாலாவது வாரம் மாஸ்டர் சும்மா கடைப்பக்கம் போனார். போனவர் சும்மா இருந்தாரா? அவர் இடத்தில் நின்ற ஆள் வீசின மாவு கிழிந்து தொங்கியது. பரோட்டா மாஸ்டருக்குத் தன் கல்லுக்கு முன்னால் மாவு கிழிவதைப் பார்த்தால் பொறுக்காது.

"தள்ளும்யா. மாவை வீசச் சொன்னா துணி துவைக்கிறீரு" என்று கட்டை அவிழ்த்தார். ஒரே ஒரு வீச்சுதான்.

குழி பாய்ந்து வந்தது. வில்லை ஆசை ஆசையாக எக்கியது. காம்பைச் சுற்றி ஏதோ படபடவென்று அறுந்தது. வெளியே மாஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "வில்லை லேசா எழும்பியிருக்கு. ஒரு மாசம் ஆடாம அசையாம இருங்க. எலும்பு அதைப் பிடிச்சு உட்கார வச்சுட்டா பிழைச்சீங்க. இல்லைன்னா வில்லையைக் கழட்டிட்டு, உருண்டையையே அறுத்து எடுத்து வேற மூட்டு வைக்கணும். அப்புறம் மாவு வீசறதை மறந்துட வேண்டியதுதான்."

செல்லக்கனி வீடு வந்ததும், "ஒரு பரோட்டா கிழிஞ்சா ஊரு அழிஞ்சுருமா?" என்று மட்டும் கேட்டாள். மாஸ்டர் தாமே கையைக் கட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எலும்பு முதல் தடவையாக வாய் திறந்தது.

"என் தலைக்கே ரம்பம் வர வச்சுட்டியே, பாவி."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. யாரும் என்கூடப் பேசலை. ஒருத்தராவது என்னைப் பார்ப்பாங்களான்னு..."

"நாலு வாரமா உன் காம்பைச் சுத்தி நூல் நூலா பின்னிக்கிட்டு இருந்தேன். அத்தனையையும் அத்துட்டுல்ல எந்திரிச்சே. எனக்குப் பேச வராது. பிடிக்கத்தான் வரும்."

வில்லை கூனிக் குறுகிப் போனது. காலடியிலேயே ஒருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, அது எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இன்னொரு தடவை பிடிப்பீங்களா?"



அந்த ஒரு மாதம் இருக்கிறதே, முன்னாலிருந்த தனிமையெல்லாம் அதன் முன்னே ஒன்றுமே இல்லை. எலும்பு மறுபடி பின்னுகிறதா, இல்லையா, கேட்கவும் பயம். வில்லை அடங்கி ஒடுங்கிக் கீழே அழுந்தி உட்கார்ந்தது. மாஸ்டர் தூக்கத்தில் புரண்டபோது குழி வந்தது, போனது. வில்லை அசையவில்லை. மாதக் கடைசியில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்து, "உட்கார்ந்துடுச்சு" என்றார்.

ஒரு வருஷம் ஓடியது. மாஸ்டர் பழையபடி கல்லுக்கு முன்னால் நின்றார். ஒருநாள் சாப்பிட வந்த ஒருவர், "மாஸ்டர், ஒமக்கு எந்தத் தோள்ல ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டார்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வலது கையைத் தூக்கி இடது தோளைத் தட்டி, "இதுலதான்" என்றார்.

வில்லைக்குச் சுருக்கென்றது. "கேட்டீங்களா அண்ணாச்சி? நான் இருக்கேங்கிறதையே மறந்துட்டாரு."

"என்னை என்னைக்கு நெனைச்சாரு? குருத்தை நெனைச்சாரா, குழியை நெனைச்சாரா?" என்றது எலும்பு. "மாவைக் கையில எடுத்துட்டாரு பாரு. வா, சேர்ந்து சுழலுவோம்."