மஞ்சள் பூசிய சாலை

கடம்பூர் அரசவையில் அந்துவனுக்கு ஒரே வேலை, ராஜாவைச் சிரிக்க வைப்பது. அதையும் தான் பாதி நாள்தான் ஒழுங்காகச் செய்வதாக அவனே சொல்லிக்கொள்வான். அப்படிப்பட்டவன் தலையில் ஒருநாள் சாலை போடும் வேலை வந்து விழுந்தது.

எல்லாம் ஒரு யவன வணிகன் செய்த கூத்து. "எங்கள் ரோமாபுரிச் சாலைகள் ஆயிரம் ஆண்டு அழியாது," என்று சபையில் அளந்தான். ஆழமாகத் தோண்டி, அடியில் பெருங்கல். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த சல்லி. அதற்கும் மேல் தட்டைக் கல். தண்ணீர் வழிய நடுவே மேடு, இருபுறமும் வாய்க்கால்.

ராஜாவுக்கு உடனே அப்படி ஒன்று வேண்டும். "அந்துவன்தான் கெட்டிக்காரனாயிற்றே," என்று தளபதி பிட்டன் ஏற்றிவிட்டான். அந்துவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"ஆயிரம் ஆண்டு அழியாமல் இருக்க வேண்டும், அந்துவா. மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்ப்பேன். ஒரு கல் குறைந்தாலும் நீ ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்," என்றார் ராஜா.

வணிகன் சொன்னபடியே சாலை எழுந்தது. பெருமழையிலும் அசையவில்லை. ஆனால் தட்டைக் கல் துணி துவைக்க அவ்வளவு வாகு. தினமும் இரண்டு கல் காணாமல் போயின. ஒன்று அந்துவன் வீட்டுக் கிணற்றடியிலேயே கிடந்தது.

"எயினி, இது சாலைக் கல்லாச்சே?" என்றான் மனைவியிடம்.

"ஊரே எடுக்குது. நாம மட்டும் சும்மா இருந்தா நம்மள என்ன நினைப்பாங்க?"

சபையையே மடக்கும் அந்துவன் மண்வெட்டியைத் தேடிப் போனான். போன கல்லுக்கெல்லாம் புதுக்கல் பதித்தான். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான். திருட்டு அன்றோடு நின்றது.

மழை ஓய்ந்து ராஜா வந்தார். சாலையில் ஒரு கல் குறையவில்லை. ஆனால் ஊர் மொத்தமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சேற்றில் போய்க்கொண்டிருந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிய அந்துவனும் அதே சேற்றில்தான் நின்றான்.

"சாமி மேல தேரை ஏத்த மாட்டேன் அரசே," என்று தேர்ப்பாகன் குதிரைகளை நிறுத்திவிட்டான். ராஜா இறங்கினார். சாலையைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்து, கும்பிடு போட்டுவிட்டுச் சேற்றில் கால் வைத்தார்.

"அந்துவா, இதில் ஒருவர்கூட நடக்கவில்லையே?"

"அழியக் கூடாது என்றுதானே கட்டளை, அரசே. நடக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை. மஞ்சள் பூசிய எனக்கே இதில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டு என்ன, இரண்டாயிரமும் தாங்கும்."

முழங்கால் சேற்றில் நின்றபடி ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, நீ ஊரை விட்டுப் போகவேண்டாம். இந்தச் சாலைக்கு இனி நீதான் பூசாரி. பக்கத்திலேயே நாங்கள் நடக்க இன்னொன்று போடு. அதற்கு மஞ்சளைக் கண்ணிலும் காட்டாதே."