பதினோராம் நம்பர் ஜெர்சி

“பதினொண்ணாம் நம்பரை லிஸ்ட்லருந்து தூக்கிடலாம், கோச்.”

சொன்னவர் லூர்துராஜ். வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் கம்பெனி கால்பந்து டீமில் ஃபார்வர்டாக ஆடியவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள, தன் வயதில் பாதிகூட இல்லாத பர்வீனிடம் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வியாசர்பாடி மைதானத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒரே பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பதினோராம் நம்பர் ஜெர்சி போட்ட ஒரு சிறுமி மட்டும் தனியாக நின்றாள்.

“ஏண்ணா?” என்றாள் பர்வீன்.

“ஓடவே மாட்டேங்குறா. பந்து கிட்ட போ, போன்னு தொண்டை கிழியக் கத்துறேன். போற மாதிரி போய்ட்டு, திரும்பவும் தனியா வந்து நின்னுக்குறா.”

“போன ரெண்டு மேட்ச்சும் வெளியே உட்காந்தா. ஞாயித்துக்கிழமையும் உட்கார வெச்சா, அப்புறம் கிரவுண்டுக்கே வர மாட்டா.”

“வராட்டி போவட்டும்.”

பர்வீன் கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

“நடுவுல போய் முட்டி போடுங்கண்ணா.”

“முட்டில ஆபரேஷன் ஆயிருக்கு, கோச்.”

“தெரியும். மெதுவாப் போடுங்க.”

முனகிக்கொண்டே போய் முழங்காலிட்டார். பர்வீன் பந்தை அவர் கையில் கொடுத்தாள்.

“யாருக்காவது உருட்டி விடுங்க.”

பிள்ளைகள் மொத்தமும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எங்கே பார்த்தாலும் வயிறும் முழங்கையும். ஒரு முழங்கை அவர் மூக்கில் இடித்தது. கோல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. லூர்துராஜுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இரண்டு பேருக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் அந்தப் பதினோராம் நம்பர் சிறுமி, சத்தம் போடாமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கூப்பிட வாயைத் திறந்தார். இந்த ஒரு மாதத்தில் அவள் பெயரை அவர் கேட்டதே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“உன் பேரு என்ன, பாப்பா?”

“ஜெசிந்தா,” என்றாள் அவள். “பந்தப் போடுங்க சார். எவ்ளோ நேரமா நிக்கிறேன்.”