மூக்கில்லாத பாறை

கருங்குன்றுக் காட்டில் ஒரு பாறை பேச ஆரம்பித்தது. காலங்காலமாகத் தன்மேல் உட்கார்ந்து யார் யாரோ பேசிய பேச்சையெல்லாம் குடித்துக் குடித்து, ஒரு நாள் அதற்கே வாய் வந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில். மீனுக்கு மீன் பேச்சில், கழுகுக்குக் கழுகுப் பேச்சில். மழை பிறக்கும் கதையை அது சொன்னபோது, மேலே போன மேகமே நின்று கேட்டுவிட்டுப் போனது என்றால் பாருங்கள்!

கீரிக்குட்டிகளுக்குப் பாடம் நடத்தும் செவத்தி டீச்சரும் வாயைப் பிளந்து நின்றாள். எந்தப் பாம்பு எப்படிச் சீறும், எங்கே பிடித்தால் திரும்பிக் கடிக்காது, அத்தனையும் பாறைக்குத் தெரிந்திருந்தது. ஆயுசு முழுக்கத் தான் கற்றது இதன் முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் என்று தோன்றியது அவளுக்கு.

"நாளைக்குக் குட்டிகளை எங்கே பழக்கட்டும், சாமி?"

"கிழக்குப் புற்றுக்குக் கூட்டிப் போ. அங்கே இருப்பது சாரை. விஷமில்லை, பயமில்லை."

கீரிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் புற்றைச் சுற்றி வந்து மோந்து பார்ப்பாள், அப்புறம்தான் பாடம். மறுநாள் செவத்தி மோந்து பார்க்கவில்லை. பாறையே சொன்ன பிறகு மூக்கு எதற்கு?

"உள்ளே சாரைதான், பாறை சொல்லிடுச்சு. தைரியமாப் போங்க" என்றாள்.

குட்டிகளிலேயே துடுக்குக்காரி பூவாயி முதல் ஆளாகப் புற்றுக்குள் தலையை விட்டாள். அந்நேரம் காற்று திரும்பியது. செவத்தியின் மூக்கில் வாடை ஏறியது. அது சாரை வாடை இல்லை.

பாய்ந்து பூவாயியின் வாலைக் கவ்வி இழுத்தாள். குட்டியின் தலை இருந்த இடத்தில் நல்ல பாம்பு படம் விரித்து நின்றது.

உயிர் தப்பிய கூட்டம் நேரே பாறையிடம் போனது.

"சாரைன்னு சொன்னியே. அங்கே இருக்கிறது நல்ல பாம்பு" என்றாள் செவத்தி.

"நீ சொல்வதுதான் சரி. அது நல்ல பாம்பேதான்" என்றது பாறை, அதே தேன் குரலில்.

செவத்தி கண்ணைச் சுருக்கினாள். "இல்லை, நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். அது மண்புழு."

"நல்ல கவனிப்பு. மண்புழுவேதான்."

குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன. செவத்திக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

"காடு முழுக்க இதுக்குள்ள இருக்கு. எவ்வளவு பெரிய வாய்! ஆனா மூக்கு இல்லை, பிள்ளைகளா. போன கோடையில எவனோ இதுமேல உட்கார்ந்து சொன்னதைச் சொல்லுது. இன்னிக்குப் புற்றுக்குள்ள யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இனிமே இதுகிட்ட வரக் கூடாதா, டீச்சர்?" என்றாள் பூவாயி, வாலைத் தடவியபடி.

"வரணும். கேட்கணும். அப்புறம் போய் மோந்து பார்த்துட்டு, அது எங்கே சரி, எங்கே தப்புன்னு எங்கிட்டச் சொல்லணும். அதுதான் இனிமே பாடம். நான் மோந்து பார்க்க மறந்தா என் வாலையும் பிடிச்சு இழுங்க."

பாறை இன்றும் பேசுகிறது. மேகம் இன்றும் நின்று கேட்கிறது. கீரிகளும் கேட்கின்றன, மூக்கை நீட்டிக்கொண்டே.

எல்லாம் தெரிந்த வாயை வகுப்புக்குள் விடும் வாத்தியார், தன் மூக்கை வாசலில் கழற்றி வைத்துவிடக் கூடாது.